லேபை வியாபாரம் மாதிரி நடத்தச் சொல்றாங்க: எது பொருந்தும், எது பொருந்தாது?

மேற்குக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியின் பொதுக் கருவி ஆய்வகம். எங்க பிஎச்டி மாணவர்கள் வேலையும் நடக்குது, வெளி சாம்பிளும் வாங்குறோம்: தேன், ரப்பர் பால், கிணற்று நீர், கொஞ்சம் மசாலா. ஒரு எச்பிஎல்சி (கரைசலில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் கருவி), ஒரு ஏஏஎஸ் (உலோக அளவு பார்ப்பது), ஒரு யூவி (ஒளி உறிஞ்சலை அளப்பது), இரண்டு ஓவன். ஆள் ஐந்து பேர், அதில் இருவர் புராஜெக்ட் உதவியாளர்கள். வாரத்துக்கு சுமார் 40 ரிப்போர்ட் போகுது. ரெஜிஸ்டரில் முடியாமல் கிடப்பது சுமார் 120. எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கிட்டேதான் இருக்காங்க, ஆனாலும் ரிப்போர்ட் தாமதம்னு தினமும் போன்.

நிர்வாகம் "தொழில் நிறுவனம் மாதிரி நடத்துங்க, மாதாந்திர இலக்கு வைங்க, லாபம் காட்டுங்க" என்கிறது. மேலாண்மைப் பாடத்தில் உள்ள விஷயங்களில் லேபுக்கு உண்மையிலேயே உதவுறது எது? பொதுவான அறிவுரை வேண்டாம். கணக்கோடு சொன்னால் உபகாரம்.

---

வடசேரி குடுவை

முதல்ல யாரையும் வேகமா வேலை பார்க்கச் சொல்லாதீங்க சார். நீங்க கொடுத்த இரண்டு எண்ணிலேயே பதில் இருக்கு. உள்ளே கிடப்பது 120, வாரத்துக்கு வெளியே போவது 40. 120-ஐ 40-ஆல் வகுத்தால் 3. ஒரு சாம்பிள் சராசரியா 3 வாரம் உங்க லேபில் இருக்கு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசைக் கணக்கு இது. வங்கி கவுண்டருக்கும் பொருந்தும், துறைமுகத்துக்கும் பொருந்தும், உங்க ஃப்ரிட்ஜில் இருக்கிற தேன் பாட்டிலுக்கும் பொருந்தும். வாரத்துக்கு 40 என்பது மாறாமல் இருக்கும்வரை, ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வேணும்னா உள்ளே 40-க்கு மேல் இருக்கக் கூடாது. வேற வழி கிடையாது.

அந்த 3 வாரத்தில் கைபடும் நேரம் எவ்வளவுன்னு பாருங்க. தேனில் ஈரப்பதம் ரிஃப்ராக்டோமீட்டரில் பத்து நிமிஷம். எச்எம்எஃப் (தேன் சூடானாலோ பழசானாலோ கூடுற பொருள்) பார்க்க 10 கிராம் தேனைத் தண்ணீரில் கரைத்து 50 மி.லி. குடுவையில் குறிவரை நிரப்பி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிச்சு, எச்பிஎல்சியில் ஒரு ஊசி (ஒருமுறை செலுத்துறது) போட்டால் அரை மணி நேரம். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நாளெல்லாம் சாம்பிள் எங்கேயோ காத்துக்கிட்டு நிக்குது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்.

இதுக்கு மென்பொருள் வாங்க வேண்டாம். ரெஜிஸ்டரில் ஐந்து தேதிக் கட்டம் போடுங்க: வந்தது, தயாரிப்பு முடிந்தது, கருவியில் ஓடியது, கணக்குப் போட்டது, கையெழுத்தானது. நேரத்தையும் எழுதணும். இரண்டு வாரம் ஓட்டினால் போதும். கருவிதான் நெருக்கடின்னு எல்லாரும் சத்தியம் பண்ணுவாங்க. நான்காம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் நடுவில், கையெழுத்துக்காகக் கிடக்கும் நாள்தான் பல லேபில் பெரிசா இருக்கும்.

இன்னொண்ணு. கருவியை 100 சதவீதம் ஓட்டணும்னு இலக்கு வைக்காதீங்க. சாம்பிள் ஒழுங்கு இல்லாம வர்ற இடத்தில், பயன்பாடு 70 சதவீதம்னா கருவியில் ஓடுறதையும் சேர்த்து வரிசையில் சராசரியா 2.3 சாம்பிள் இருக்கும். 90 ஆனால் 9. 95 ஆனால் 19. எளிய வரிசைக் கணக்கில் பயன்பாட்டை மீதியால் வகுத்தால் வர்றது இது, 0.9-ஐ 0.1-ஆல். 75, 80-இல் நிறுத்திக்கோங்க. அந்த மீதி 20-ஐ 'வீண்'னு நிர்வாகம் சொல்லும். அது வீண் இல்லை, ரிப்போர்ட் சரியான நாளில் போறதுக்கு நீங்க கொடுக்கிற விலை.

---

ஒட்டுப்பால்

குடுவை சொன்னது சரிதான், ஆனா ரப்பர் பாலில் கதை வேற. அதுல நெருக்கடி ஆளோ கையெழுத்தோ கிடையாது. ஓவன்தான்.

டிஆர்சி (பாலில் உள்ள உலர்ந்த ரப்பர் சதவீதம்) பார்க்க 10 கிராம் பாலை எடுத்து, தண்ணி சேர்த்து, 2 சதவீத அசெட்டிக் ஆசிட் விட்டு உறைய வச்சு, 2 மி.மீ.க்கு மேல போகாம ஷீட்டா அமுக்கி, நல்லா கழுவி, 70 டிகிரியில 16 மணி நேரம். பின்ன டெசிகேட்டரில் ஆறவச்சு எடை. இதுல சுருக்க முடியாத ஒரே படி அந்த 16 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்கு உள்ள போனா காலம்பற 9 மணிக்கு எடுக்கலாம். கடிகாரம் நமக்கு சாதகமாத்தான் இருக்கு. ஆனா உறைய வச்சு, அமுக்கி, கழுவ இரண்டு மணி நேரம் ஆவும். மத்தியானம் 3 மணிக்கு மேல வந்த பால் அன்னைக்கு ஓவனுக்குப் போவாது. ஒரு மணி நேரம் பிந்தினதுக்கு 24 மணி நேரம் நஷ்டம்.

அதனால வாசலில் ஒரு அறிவிப்பு: "ரப்பர் பால் பகல் 2 மணி வரை." அவ்வளவுதான். ஒரு ரூபா செலவு இல்லை. புது ஓவன் வாங்க கொட்டேஷன் கூப்பிடுறதுக்கு முன்னால இதைச் செய்யுங்க.

தப்பு எங்க வரும்னா:

ஷீட் ஒரு பக்கம் தடிமனா இருந்தா நடுவில் வெள்ளையா நிக்கும். 16 மணி நேரம் ஆயிட்டுன்னு எடுத்து எடை போட்டா டிஆர்சி கூடக் காட்டும். வெள்ளைப் புள்ளி போற வரைக்கும் வைக்கணும், எடை மாறாம நிக்கணும்.

கரண்டு போயி ஓவன் ஆறிட்டுன்னா, அந்த நேரத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாது. காலையில வந்து பார்த்தா ஓவன் 70 காட்டும், ராத்திரி மூணு மணி நேரம் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாது. கரண்டு போனா முள் நின்னு போற பழைய மின்சாரக் கடிகாரம் ஒண்ண அதே பிளக்கில் மாட்டி வைங்க. எத்தனை மணி நேரம் போச்சுன்னு அதுவே சொல்லும். டேட்டா லாகர் இருந்தா ரொம்ப நல்லது.

மழைக்காலத்துல டெசிகேட்டர் சிலிக்கா ஜெல் இரண்டே நாளில் நிறம் மாறிடும். ஸ்பேர் ஒரு தட்டு எப்பவும் வறுத்து வைக்கணும். இல்லன்னா ஓவன் வேலையெல்லாம் எடை போடுற இடத்துல வீணாப் போவும்.

---

வடசேரி குடுவை

நல்ல உதாரணம். எச்பிஎல்சியில் இதையே திருப்பிப் போடலாம். ஆட்டோசாம்ப்ளர் (சாம்பிளைத் தானா எடுத்துச் செலுத்தும் பகுதி) இருந்தால் ராத்திரி ஓட்டுங்க, பகலைத் தயாரிப்புக்கு விடுங்க. 30 ஊசி, ஒவ்வொண்ணும் 30 நிமிஷம்னா 15 மணி நேரம். சாயங்காலம் 5-க்குத் தொடங்கினால் காலை 8-க்கு முடியும்.

ஆனால் 30 ஊசின்னா 30 சாம்பிள்னு வாக்குக் கொடுக்காதீங்க. பிளாங்க் (சாம்பிள் சேர்க்காத வெறும் கரைசல்) 1, ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச கரைசல்) 5, ஏழு சாம்பிளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டு மாதிரி (மதிப்பு முன்பே தெரிஞ்ச சாம்பிள்), அது 3. மீதி 21 தான் சாம்பிள். நிர்வாகத்துக்கு 30-னு சொல்லிட்டால், அவசரத்தில் முதலில் வெட்டப்படுறது அந்த 9-தான்.

நீர் 90, மெத்தனால் 10 என்ற மொபைல் ஃபேஸ் (கருவிக்குள் ஓடும் கரைப்பான் கலவை), நிமிஷத்துக்கு 1 மி.லி. வேகம். 15 மணி நேரத்துக்கு 900 மி.லி. முன்னால் நிலைப்படுத்துறது, கடைசியில் கழுவுறது சேர்த்து 1.5 லிட்டர் வைங்க. நீர் இவ்வளவு அதிகமா உள்ள கலவை நம்ம ஊர் சூட்டில் இரண்டு நாள் கிடந்தால் பாசி பிடிக்கும், இன்லெட் ஃபில்டர் அடைக்கும், பிரஷர் ஏறும். அன்றன்றைக்குத் தயாரிக்கணும். சீக்வென்ஸின் (கருவிக்குக் கொடுக்கும் ஊசிப் பட்டியல்) கடைசி வரி கழுவும் மெதட், அதற்குப் பிறகு பம்ப் நிறுத்தம். இந்தக் கடைசி வரி இல்லாத சீக்வென்ஸுக்கு ராத்திரி அனுமதி கிடையாதுன்னு எழுதி வைங்க.

---

ஆய்வாளி

இரண்டு பேர் சொன்னதும் வழக்கமான பரிசோதனைக்குச் சரி. ஆனால் கேள்வி கேட்டவர் லேபில் பிஎச்டி மாணவர்களும் இருக்கிறார்கள். அங்கே இந்தக் கணக்கை அப்படியே இறக்கினால் கெடுதிதான் மிஞ்சும்.

தேனில் எச்எம்எஃப் பார்ப்பதில் என்ன செய்யப் போகிறோம் என்று தொடங்கும் முன்பே தெரியும். புதிதாக ஒரு மெதட் உருவாக்கும்போது அது தெரியாது. தெரிந்திருந்தால் அது ஆராய்ச்சியே இல்லை. "மாதம் இத்தனை ரன்" என்று மாணவருக்கு இலக்கு வைத்தால், எளிதாக முடியும் ரன்களை அவர் தேர்ந்தெடுப்பார். இலக்காகிவிட்ட அளவுகோல் அளவுகோலாக நீடிக்காது. இதைப் பொருளாதாரக்காரர்கள் குட்ஹார்ட் பெயரில் சொல்வார்கள். வெளி சாம்பிளிலும் அதே ஆபத்து உண்டு: "மாதம் 200 ரிப்போர்ட்" என்று சுவரில் ஒட்டினால் டூப்ளிகேட் (ஒரே சாம்பிளை இருமுறை பார்ப்பது) போய்விடும், பிளாங்க் போய்விடும், சந்தேகமான ரீடிங்கைத் திரும்ப ஓட்டுவது நின்றுவிடும். எண் மட்டும் அழகாக ஏறும்.

அதனால் இரண்டு தடம். செவ்வாய், வியாழன் பகல் முழுக்க எச்பிஎல்சி ஆராய்ச்சிக்கு. அந்த நேரத்தில் எவ்வளவு அவசர வெளி சாம்பிள் வந்தாலும் தொடக் கூடாது. மற்ற நாள்களும் எல்லா இரவுகளும் வரிசைக்கு. இந்த வேலியை லேப் பொறுப்பாளர்தான் காக்க வேண்டும், மாணவரால் முடியாது.

ஆராய்ச்சிக்கு மேலாண்மையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு: வாசல் முறை. ஒவ்வொரு பெரிய பரிசோதனை வரிசைக்கு முன்னும் அரைப்பக்கம் எழுத வேண்டும். எந்த முடிவு வந்தால் தொடர்வோம், எந்த முடிவு வந்தால் நிறுத்துவோம், எந்தத் தேதியில் உட்கார்ந்து பார்ப்போம். உதாரணமாக, "ரெகவரி (சேர்த்த பொருளில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 80 முதல் 110 சதவீதத்துக்குள் ஆறு வாரத்தில் வராவிட்டால் இந்தப் பிரித்தெடுப்பு முறையைக் கைவிடுகிறோம்." நிறுத்தும் நிபந்தனையைத் தொடங்கும் முன் எழுதுவது முக்கியம். பிறகு எழுதினால், அதுவரை செலவான மெத்தனாலும் மாதங்களும் நம்மை விடாது.

---

மேற்குக்காற்று

நன்றி. மேடம் சொன்ன இரண்டு தடம் மனசில் நின்னுட்டு. ஒரு சந்தேகம்: வெளி சாம்பிள் வரத்து ஒரே மாதிரி இல்லையே. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூச்சு முட்டுது, பிறகு ஆடியில் ஈ ஓட்டுறோம். இதுக்கு வாரம் 40 என்ற சராசரியை வச்சு என்ன செய்ய?

---

ஒட்டுப்பால்

அது நம்ம மாவட்டத்துக் காலண்டர், மக்கா. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போதுதான் தேனீக்கு வரத்து. தளிரில் சுரக்கிறதைத்தான் குடிக்குது, பூவில் உள்ளதை இல்லை. அதனால தேன் ஜனவரி தொடங்கி மார்ச் வரை குவியும். அதே நேரம் பால் குறையும், பல தோட்டத்தில் பால் வெட்டுறதை நிறுத்துவாங்க. மழை விட்டு நல்ல பால் வர்றது செப்டம்பருக்கு மேல. ஆக தேனும் பாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழாது, மாறி மாறி வரும். உங்க மூச்சுமுட்டலுக்குக் காரணம் தேன் மட்டும் இல்லை. கடைசி வருஷ மாணவங்க புராஜெக்டும் அதே ஜனவரி–ஏப்ரல், நிதியாண்டுக் கணக்கு முடிக்கிறதும் மார்ச்.

மூணுல நகர்த்த முடியிறது புராஜெக்ட்தான். மாணவங்க சாம்பிளை நவம்பருக்குள்ள கருவியில ஓட்டி முடிக்கணும்னு ஜூலையிலயே துறைகளுக்கு எழுதிக் கொடுங்க. ஜனவரிக்கு மேல வர்றவங்களுக்கு யூவி மட்டும், எச்பிஎல்சி கிடையாது. முதல் வருஷம் சண்டை வரும்.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) சர்வீஸ், கேலிபரேஷன், புது ஆளுக்குப் பயிற்சி எல்லாத்தையும் ஜூன்–ஜூலைக்குத் தள்ளுங்க. ஈ ஓட்டுற மாசம்னு ஒண்ணு இருக்கக் கூடாது.

---

ஸ்டோர் சாவி

யாரும் ஸ்டாக் பக்கமே வரவில்லை. பாதித் தாமதம் அங்கேதான்.

எச்பிஎல்சி கிரேடு மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். நாளுக்குச் சராசரி 0.3 லிட்டர், தேன் காலத்தில் 0.5. ஆர்டர் போட்டு பாட்டில் கையில் கிடைக்க வழக்கமாக 12 நாள், மோசமாகப் போனால் 25. சராசரியை வைத்து ஆர்டர் போடுகிறவர் 0.3-ஐ 12-ஆல் பெருக்கி 3.6 லிட்டர் இருக்கும்போது ஆர்டர் போடுவார். இதில் கிட்டத்தட்ட இரண்டு முறைக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். அதிகப் பயன்பாட்டையும் அதிகத் தாமதத்தையும் பெருக்குங்கள்: 0.5 × 25 = 12.5 லிட்டர், அதாவது 2.5 லிட்டர் பாட்டில் ஐந்து. ஐந்தாவது பாட்டிலின் கழுத்தில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள்: பொருள், கிரேடு, கேட்லாக் எண், எத்தனை வாங்க வேண்டும். அந்தப் பாட்டிலை எடுக்கிறவர் அட்டையைக் கழற்றி இண்டெண்ட் (கொள்முதல் கோரிக்கை) பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் முறை. டொயோட்டா ஆலையில் வைத்திருந்ததும் இந்த மாதிரி அட்டைதான். தீப்பற்றும் கரைப்பான் என்பதால் இரும்பு அலமாரியில், தரைமட்டத்தில் வையுங்கள். அளவுக்கு மீறிக் குவிக்கவும் வேண்டாம்.

எல்லாப் பொருளுக்கும் இப்படிக் கணக்குப் போட முடியாது, போடவும் வேண்டாம். விலையை மட்டும் பார்த்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். பம்ப் சீல் மலிவு, ஆனால் அது தேய்ந்தால் லட்சக்கணக்கில் வாங்கிய கருவி நிற்கும். ஆஸ்பத்திரி ஸ்டோரில் செய்வது போல இரண்டு கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எவ்வளவு பணம் போகிறது, இல்லாவிட்டால் வேலை நிற்குமா? வேலை நிற்கும், விலை குறைவு என்ற மூலையில் இருப்பவற்றைத் தயங்காமல் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். பம்ப் சீல், இன்லெட் ஃபில்டர், யூவி விளக்கு, ஏஏஎஸ் பர்னர் ஓ-ரிங், பிஎச் எலெக்ட்ரோடு, ஃபியூஸ். விலை அதிகம், வேலை நிற்காது என்ற மூலையில் இருப்பது பெரும்பாலும் யாரோ கண்காட்சியில் பார்த்து ஆசைப்பட்டது.

மார்ச் கொள்முதல் தனி நோய். மிச்சப் பணத்தைத் தீர்க்க ஒரேயடியாக வாங்கியதில் கெடுவது எது தெரியுமா? கல்ச்சர் மீடியா. மூடி திறந்ததும் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். கடற்கரையோரம் உள்ள லேபில் இன்னும் சீக்கிரம். 500 கிராம் டப்பா ஒன்றை விட 100 கிராம் டப்பா ஐந்து, விலை கூடினாலும் லாபம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளும் அப்படியே. டைஎத்தில் ஈதர் இருந்தால் திறந்த தேதி எழுதாமல் அலமாரிக்குப் போகக் கூடாது. பழையதில் பெராக்சைடு சேரும், காய்ச்சி வடிக்கும்போது வெடிக்கும். மார்ச்சில் ஆர்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் கெடாத பொருளாகப் பாருங்கள்: கண்ணாடிச் சாமான், எச்பிஎல்சி காலம் (கலவையைப் பிரிக்கும் குழாய்), விளக்கு.

முதலில் வந்தது முதலில் என்ற விதியை ரசாயனத்துக்கு வைக்காதீர்கள். முதலில் காலாவதியாவது முதலில்.

---

கணக்குப்பிள்ளை

லாபம் காட்டச் சொல்கிறார்கள் என்றீர்களே, அதற்கு வருகிறேன். லேப் கட்டணத்தில் நடக்கும் பெரிய தவறு, கருவிச் செலவை உண்மையில் ஓடிய மணி நேரத்தால் வகுப்பது. கணக்கைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கருவி 25 லட்சம், 10 ஆண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 2.5 லட்சம் தேய்மானம். ஏஎம்சி 1.5 லட்சம். மொத்தம் 4 லட்சம். நடைமுறையில் ஆண்டுக்கு 1500 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் இப்போது ஓடுவது 600 மணி நேரம்தான் என்று வைப்போம். 600-ஆல் வகுத்தால் மணிக்கு 667 ரூபாய். 1500-ஆல் வகுத்தால் 267.

667-ஐ வைத்து விலை போட்டால் தேன்காரர் வேறு லேபுக்குப் போவார். ஓடும் நேரம் 400 ஆகும். அடுத்த ஆண்டு நீங்கள் 1000 ரூபாய் போடுவீர்கள். அதற்கு மேல் யாரும் வர மாட்டார்கள். விலையை 267-இல் வையுங்கள். மீதி 900 மணி நேரத்தின் 2.4 லட்சத்தைத் தனி வரியில் "பயன்படாத திறன்" என்று நிர்வாகத்துக்குக் காட்டுங்கள். அது வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டிய செலவே அல்ல. தேவைக்கு மேல் கருவி வாங்கிய முடிவின் விலை. நிர்வாகத்துக்கு இந்த வரி பிடிக்காது, ஆனால் அடுத்த கருவி வாங்கும் முன் அவர்கள் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

இப்போது ஒரு எச்எம்எஃப் சாம்பிள். அரை மணிக்கு 133. குடுவை சொன்னபடி 21 சாம்பிளுக்கு 30 ஊசி, ஆகவே 1.43-ஆல் பெருக்கினால் 190. எச்பிஎல்சி காலம் 30,000 ரூபாய், 1000 ஊசி தாங்கும் என்றால் ஊசிக்கு 30, அதையும் பெருக்கினால் 43. ஃபில்டர், வயல், கரைப்பான் 40. ஆள் நேரம் அரை மணி, 75. கூட்டினால் 348. திரும்ப ஓட்ட வேண்டியவை பத்தில் ஒன்று என்றால் கருவி, காலம், பொருளில் இன்னொரு பத்து சதவீதம், சுமார் 27. அடக்கம் 375 ரூபாய், வரி தனி. இதற்குக் கீழே விலை போடுகிற லேப் ஒன்று மானியத்தில் ஓடுகிறது, அல்லது கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டவில்லை.

மாணவருக்கு இலவசம் வேண்டாம். இலவசக் கருவி நேரத்தைப் பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பார்கள். பெயருக்கு மணிக்கு 50 வையுங்கள், வராவிட்டாலும் கட்ட வேண்டும்.

---

ஆய்வாளி

கடைசிப் பத்தியை ஏற்கவில்லை. உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாகும் மாணவரிடம் 50 ரூபாய் என்பது கைக்காசு. புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் ஆசை அங்கேயே செத்துப்போகும். வராமல் இருப்பதற்குத் தண்டனை வேண்டும் என்றால் பதிவு உரிமையை எடுங்கள்: இருமுறை சொல்லாமல் விட்டால் ஒரு மாதம் பதிவு கிடையாது.

---

கணக்குப்பிள்ளை

கைக்காசு என்றால் தவறுதான். புராஜெக்ட் தலைப்பிலிருந்து துறைக்குள் புத்தக மாற்றாக எழுதச் சொன்னேன். புராஜெக்ட் இல்லாதவருக்கு உங்கள் முறையே சரி. ஆனால் கருவி நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று எங்கும் எழுதாதீர்கள். அடுத்த நிதி விண்ணப்பத்தில் கருவிச் செலவு என்ற வரியை நியாயப்படுத்த எண் இருக்காது.

---

வடசேரி குடுவை

கட்டுப்பாட்டு மாதிரி பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். வியாபார மேலாண்மை லேபுக்கு அந்நியம்னு நினைக்கிறவங்க, லெவி–ஜென்னிங்ஸ் சார்ட் (கட்டுப்பாட்டு மாதிரி ரீடிங்கை நாள்வாரியாப் போடும் படம்) எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும். ஷூஹார்ட் 1924-இல் தொலைபேசி உதிரிபாகத் தொழிற்சாலைக்காகப் போட்ட கட்டுப்பாட்டுப் படம் அது. 1950-இல் லெவியும் ஜென்னிங்ஸும் அதை மருத்துவ லேபுக்குக் கொண்டுவந்தாங்க. 1981-இல் அந்தப் படத்தைப் படிக்க வெஸ்ட்கார்ட் விதிகள். என்ஏபிஎல் (லேபுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) தணிக்கையில் கேட்கிறாங்களே, அந்தக் காகிதத்தோட பூர்வீகம் ஒரு ஃபேக்டரி.

போடுற முறை: ஒரு தேனை எடுத்து நல்லாக் கலந்து சின்னச் சின்னக் குப்பியில் உறைய வைங்க. வெளியே வச்சா எச்எம்எஃப் தானாவே ஏறும். வேற வேற நாளில் 20 ரீடிங் எடுங்க. சராசரி 25, திட்ட விலகல் 1 வந்துதுன்னா 23–27 எச்சரிக்கைக் கோடு, 22–28 நிறுத்தக் கோடு. ஒரு புள்ளி 28-ஐத் தாண்டினால் அன்றைய ரன் ரிப்போர்ட்டாகப் போகாது. தொடர்ந்து இரண்டு ஒரே பக்கம் 27-ஐத் தாண்டினாலும் அப்படியே. தொடர்ந்து பத்துப் புள்ளி சராசரிக்கு ஒரே பக்கம் நின்னால், ஸ்டாண்டர்டு கரைசல் பழசாகுது, இல்லை விளக்கு தளர்றது.

எச்சரிக்கைக் கோட்டை ஒரு புள்ளி தாண்டினதும் எல்லாத்தையும் திரும்ப ஓட்டுறவங்க உண்டு. எல்லாம் சரியா இருக்கும்போதே இருபதில் ஒண்ணு அப்படித் தாண்டும். அந்தப் பழக்கத்தை விட்டாலே மாசத்துக்கு ஒரு ராத்திரி ரன் மிச்சம்.

---

எர்த் பிட்

நிர்வாகம் பேசுற எல்லாரும் கருவி எப்பவும் ஓடும்னு வச்சுக் கணக்குப் போடுறீங்க. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். போர்டு போனா இன்ஜினியர் வர ஒரு வாரம். அதனால ஏஎம்சி கையெழுத்துப் போடும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க. புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்துல ஆள் வரணும், பிந்தினா நாளுக்கு எவ்வளவு பிடித்தம், வருஷத்துக்கு இரண்டு தடுப்புப் பராமரிப்பு எந்த மாசம், இதெல்லாம் எழுத்துல இருக்கணும். ஒண்ணு மே கடைசிக்குள்ள, இன்னொண்ணு செப்டம்பரில். இரண்டு மழைக்கும் முன்னால.

இடி மின்னல் ஏப்ரல்–மே மற்றும் ஐப்பசியில் அதிகம். சரளை மண்ணில் எர்த் பிட் (மின்சாரத்தைப் பூமிக்கு இறக்குற குழி) கோடையில் காய்ஞ்சு ரெசிஸ்டன்ஸ் ஏறிடும். மார்ச்சிலிருந்து வாரம் ஒருமுறை தண்ணி ஊத்தணும், பென்டோனைட் போட்டா நல்லது. கருவி பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்கு மேல இருந்தா கருவியைப் போடாதீங்க. மல்டிமீட்டர் வச்சு திங்கட்கிழமை காலையில் அளந்து எழுத ஒரு நிமிஷம் போதும். ராத்திரி சீக்வென்ஸ் ஓட்டச் சொல்றவங்க யூபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு நிஜ லோடு போட்டுப் பார்த்திருக்கணும். பெயர்ப்பலகையில் எழுதினதை நம்பக் கூடாது.

ஒவ்வொரு கருவிக்கும் நின்ற நேரத்தை எழுதுங்க: எப்ப நின்னுது, ஏன், எப்ப ஓடினது. வருஷக் கடைசியில் ஏஎம்சி புதுப்பிக்கும்போது கம்பெனிக்காரன் முன்னால அந்தத் தாளை வைங்க.

---

மேற்குக்காற்று

ஐந்து கட்டம் போட்டு ரெஜிஸ்டரை ஓட்டிப் பார்த்தாச்சு. குடுவை சொன்னது அப்படியே. கையெழுத்துக்குக் கிடக்கும் நேரம்தான் பெரிசு. கையெழுத்துப் போடத் தகுதி ஒருத்தருக்குத்தான் இருக்கு, அவருக்கு வகுப்பும் உண்டு. இன்னொருத்தரை நியமிக்க எவ்வளவு பயிற்சி காட்டணும்? இரண்டு உதவியாளர்களில் ஒருத்தர் ஜூனில் போறார், அதுவும் தலைவலி.

---

ஆய்வாளி

இரண்டும் ஒரே வேலை. ஒரு தாளில் இடப்பக்கம் பரிசோதனைகள், மேலே ஆட்கள். கட்டத்தில் எண்: 0 தெரியாது, 1 பார்த்திருக்கிறார், 2 மேற்பார்வையில் செய்வார், 3 தனியாகச் செய்வார், 4 சொல்லிக்கொடுப்பார், முடிவைச் சரிபார்ப்பார். எந்த வரியிலும் குறைந்தது இரண்டு பேராவது 3 அல்லது 4-இல் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் உள்ள வரிதான் ஜூனில் உடையப் போகும் வரி.

பயிற்சிக்குப் பத்து வேலை நாள். முதல் மூன்று நாள் பார்ப்பது, அடுத்த ஐந்து நாள் போகிறவர் பக்கத்தில் நிற்க, வருகிறவர் செய்வது. எஸ்ஓபியில் (எழுதி வைத்த செய்முறை) இல்லாத எதையாவது போகிறவர் வாயால் சொன்னால், அதை அங்கேயே வருகிறவர் எஸ்ஓபியில் எழுத வேண்டும். "பம்ப் ஸ்டார்ட் ஆகலன்னா பர்ஜ் வால்வை ஒரு சுற்று திறந்து மூடு" போன்ற வரிகள் அப்போதுதான் காகிதத்துக்கு வரும். கடைசி இரண்டு நாள் மதிப்பு தெரிந்த மாதிரியை மறைத்துக் கொடுங்கள். உங்கள் சார்ட்டின் எச்சரிக்கைக் கோடுகளுக்குள் டூப்ளிகேட் இரண்டும் வந்தால் 3 போடலாம். கையெழுத்துக்கு இது போதாது. பழைய ரிப்போர்ட் இருபது கொடுத்து, அதில் மூன்றில் நீங்களே பிழை வைத்துவிடுங்கள்: நீர்த்தல் காரணி விட்டது, அலகு மாறியது, கட்டுப்பாட்டு மாதிரி வரம்பு தாண்டியது. மூன்றையும் பிடித்தால் 4. இதன் பதிவுகளைக் கோப்பில் வையுங்கள். ஐஎஸ்ஓ 17025 (பரிசோதனை லேபுக்கான தரநிலை) ஆள் திறனுக்கு ஆதாரம் கேட்கிறது, நாள் கணக்குக் கேட்கவில்லை.

போகிறவரிடம் மென்பொருள் கடவுச்சொல், மூலத் தரவு எந்தக் கணினியில் எந்த ஃபோல்டரில் என்பதும் எழுதி வாங்குங்கள். நோ-டியூஸ் கையெழுத்துக்கு முன்.

---

ஒட்டுப்பால்

அதுவரைக்கும் ஒரு வழி. கையெழுத்துப் போடுறவருக்கு ஒவ்வொரு தாளா நீட்டாதீங்க. பகல் 12 மணி, சாயங்காலம் 4 மணின்னு இரண்டு நேரம் குறிச்சு, சார்ட்டும் கணக்குத் தாளும் ரிப்போர்ட்டும் ஒண்ணாப் பின் பண்ணி வைங்க. வகுப்பு அட்டவணை போடும்போதே அந்த இரண்டு அரை மணி நேரத்தையும் ஒதுக்கச் சொல்லி முதல்வர்ட்ட எழுதி வாங்கணும். அப்புறம் வாரா வாரம் உள்ளே எத்தனை கிடக்குன்னு இங்க வந்து போடுங்க, பார்ப்போம். 120 குறையலன்னா கட்டம் போட்டதுல எங்கேயோ பிசகு.